ஜாக்கெட் மிதந்தால் போதுமா?

உப்பங்கழியில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற நாங்கள் துடுப்பைவிட லைஃப் ஜாக்கெட் பட்டைகளைத்தான் அதிகம் பிடிக்கிறோம். இதே வேலையில் அவதிப்படுகிறவர்கள் ஒப்புக்கொள்வீர்கள். முதல் சம்பவம் நான் பார்த்ததல்ல. உடன் வேலை செய்யும் ஊரூர் குப்பத்து அந்தோணி சொல்லிக் கேட்டது.

தோளைப் பிடித்து இழுப்பது

நான் சேர்வதற்கு முன், புதிதாக வந்த ஒருவர் கழுத்தில் உறுத்துகிறது என்று ஜாக்கெட் பட்டைகளைத் தளர்த்திவிட்டாராம். படகு கவிழ்ந்ததும் ஜாக்கெட் காதுக்கு மேல் ஏற, முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தோணி தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். அன்றிலிருந்து ஜாக்கெட்டைத் தோளில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்த பிறகுதான் யாரையும் படகில் ஏற்றுகிறோம். "ஜாக்கெட் நல்லா மெதந்துகினு இருந்துச்சு மச்சி, ஆளுதான் உள்ள போய்க்கினு இருந்தாரு" என்றான்.

நீச்சல் வீரர்

பெருங்குடி ஐ.டி. கம்பெனியிலிருந்து வந்தவர் கல்லூரியில் நீச்சலுக்கு மெடல் வாங்கியவர். ஜாக்கெட் வேண்டாம் என்றார். போட்டால்தான் படகு என்றேன். எங்கள் வழக்கப்படி, இடுப்பளவுத் தண்ணீரில் படகைக் கவிழ்த்து மறுபடி ஏறச் சொன்னேன். ஏற ஏறப் படகு அவர் மேலேயே புரண்டது. கடைசியில் மூச்சு வாங்க நின்றுவிட்டார். "பாஸ், எனக்கு நீச்சல் தெரியும். இந்தப் படகுக்கு அது தெரியலையே!"

மயிலாப்பூர் மாமி

நீச்சலே தெரியாத மயிலாப்பூர் மாமி ஒருவர் தன் பெண்ணோடு வந்தார். நான் சொல்வதற்கு முன்பே ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டார். ஆனால் கவிழ்ந்து பழக மாட்டேன் என்றார். "அதான் இதைப் போட்டுண்டிருக்கேனே!"

அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். "அனுப்புப்பா, அவங்க இஷ்டம்" என்று முதலாளி கத்தினார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். மேற்கு மாம்பலத்தில் குடும்பம் இந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது. அப்படியும் முடியாது என்றேன். முணுமுணுத்தபடி மாமி தண்ணீரில் இறங்கினார். முதல் தடவை கவிழ்ந்தபோது என் கழுத்தைப் பிடித்தார். பிறகுதான் படகைப் பிடிக்கப் பழகினார்.

அன்றே உப்பங்கழியின் நடுவில் காற்று அவர் படகைப் புரட்டியது. கரையில் அவர் பெண் அலறினாள். அந்தோணி துடுப்புப் போட்டு நெருங்கும்வரை மாமி படகை விடவில்லை. ஜாக்கெட்தான் காப்பாற்றியது என்றார் முதலாளி. பயிற்சிதான் என்றான் அந்தோணி. மாமி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "ஜாக்கெட் போட்டுண்டிருக்கேங்கறதே மறந்துபோச்சு. கைதான் தானா படகைத் தேடித்து."

பிறகொரு நாள், தண்ணீர் அதே அளவு இருந்தபோது மாமி கவிழ்ந்த இடத்தில் இறங்கிப் பார்த்தேன்: என் நெஞ்சளவுதான் இருந்தது, பயந்துபோன ஒருவர் மூழ்குவதற்கு அது தாராளம்.