கடலுக்குப் போய்வரும் இன்னொருத்தி

எனக்கு ஏழு வயது ஆகும்வரை அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை, இன்னொருத்தி இருக்கிறாள், அவளுக்கும் ஏழு வயதுதான், அம்மா கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவது அவளைத்தான் என்பதெல்லாம் அந்த வருடக் கோடை விடுமுறையில் தெரியவந்தது. அம்மாவே தன் வாயால் சொன்னாள். என்னிடம் அல்ல, ஃபோனில், முன்பின் தெரியாதவர்களிடம்.

அப்போது நாங்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், ஒற்றை அறையும் ஒரு துண்டு சமையலறையும் கொண்ட வீட்டில் இருந்தோம். நானும் அம்மாவும் மட்டும். அப்பா மங்களூர்ப் பக்கம் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். எப்போது வருவார் என்று கேட்டால் அம்மாவுக்கு உடனே அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடும். அடுப்பில் பால் இல்லாத நாளிலும் வரும். அதனால் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரு சின்ன டூர் கம்பெனியில் வேலை. பேக்கரிக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேஜை, சுவரெல்லாம் நீலநீலமாகக் கடல் படங்கள். ஐடி கம்பெனிக்காரர்களைக் கோகர்ணா, முருடேஸ்வரா என்று கடற்கரைகளுக்குக் கூட்டிப்போய், குன்றேறி இறங்க வைத்து, படகில் ஏற்றி, துடுப்புப் போட வைத்து, மணலில் கூடாரம் அடித்துத் தூங்க வைப்பதுதான் அவர்கள் தொழில். நம் ஊரில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையையெல்லாம் இங்கே காசு கொடுத்துச் செய்கிறார்கள் என்று அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொல்லிச் சிரிப்பாள். தமிழ் பேசுகிற வாடிக்கையாளர்கள் நிறைய என்பதால் அவர்களுக்குத் திட்டம் போட்டுக்கொடுக்க ஓனர் அம்மாவைச் சேர்த்திருந்தார்.

வழக்கமாக என்னைப் பார்த்துக்கொள்வது அந்தப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான். கன்னடக்காரர். "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்டு, சாப்பிட்டுவிட்டேன் என்றாலும் நம்பாமல் மறுபடியும் ஊட்டிவிடுவார். அந்தக் கோடையில் அவர் தன் ஊரான ஹாசனுக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அம்மா என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். மூலையில் சுருட்டி அடுக்கியிருந்த கூடாரங்களின் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும், சத்தம் போடக்கூடாது, யார் வந்தாலும் குட் மார்னிங் சொல்ல வேண்டும். நாள் முழுக்க என் வேலை இவ்வளவுதான்.

அம்மா ஃபோனில் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். வீட்டில் பேசுகிற அம்மா வேறு, இந்த அம்மா வேறு. எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது, மலைப்பாதையில் வாந்தி வருமா, மீன் சாப்பிடுவார்களா என்று அக்கறையாக ஒவ்வொன்றாய்க் கேட்பாள். "காலையிலயே போட்டிங் முடிச்சிரலாம் சார், வெயில் ஏறினா அலையும் ஏறிடும். சாயங்காலம் மலை மேல நடந்தே அடுத்த பீச்சுக்குப் போயிரலாம். அங்கதான் டென்ட்" என்பாள். கண்ணை மூடினால் எனக்கே கடல் தெரியும். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் கடைசியில் கொஞ்சம் தயங்குவார்கள். கடலாயிற்றே, பயமில்லையா என்பார்கள். அங்கேதான் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

"மேடம், நானே என் பொண்ண கூட்டிட்டுப் போயிருக்கேன். ஏழு வயசுதான். போட்ல முன்னாடிதான் உக்காருவேன்னு அடம். எறங்கவே மாட்டேன்னுட்டா, தூக்கிட்டுதான் வரணும்."

முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றினாலே ஊரைக் கூட்டுகிறவள். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுவதற்குள் பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவள். கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவள். அம்மா சொல்லும் பெண்ணோ டால்பினைப் பார்த்துக் கை தட்டியவள், கூடாரத்தில் பயமில்லாமல் தூங்கியவள், எதைக் கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறவள். அம்மா பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள் அவள்தானே. ஆகவே அது நான் இல்லையென்றால் வேறொருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு முறை அந்த எண்ணம் வந்த பிறகு எல்லாமே பொருந்திப்போயிற்று. மங்களூரில் கடல் இருக்கிறது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அப்பா அங்கேதான் இருக்கிறார். ஆக அவளும் அங்கேதான் இருக்கிறாள். ஆன்ட்டி ஊருக்குப் போவதற்கு முன்பு, வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏற்றிவிடப் போகிறேன் என்று சொல்லி அம்மா என்னை ஆன்ட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போவாளே, அது அவளைப் பார்க்கத்தான். டூர் போகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு நெரிசலில் வீடு திரும்ப அத்தனை நேரம் ஆகும் என்பது எனக்கெங்கே தெரியும்? நான் தூங்கி விழிப்பதற்குள் கடலுக்குப் போய்வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கடலிலிருந்து திரும்பி வரும் கூடாரங்களை அம்மா மொட்டை மாடியில் உதறிக் காயப்போடுவாள். ஒரு நாள் அப்படி உதறியபோது மணலோடு ஒரு ரோஸ் நிற ஹேர்கிளிப் விழுந்தது. பட்டாம்பூச்சி வைத்த கிளிப். அம்மா அதைத் துடைத்து, "நல்லாத்தான் இருக்கு, நீ போட்டுக்கோ" என்று என் தலையில் குத்திவிட்டாள். அந்த இன்னொருத்தியுடையதைத்தான் எனக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் கிளிப்பைக் கழற்றவும் மனம் வரவில்லை, போட்டுக்கொண்டிருக்கவும் பிடிக்கவில்லை.

அவளைப் போல் ஆகிவிட்டால் அம்மாவுக்கு இரண்டு பேர் தேவைப்படாது என்று பட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் பாகற்காயை ஒரு துண்டு விடாமல் தின்றேன். அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள். அவ்வளவுதான். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, இதே நேரத்தில் இன்னொரு வீட்டில் அவள் அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அவளுக்கு அப்பாவும் இருக்கிறார், கடலும் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் கிடைக்கிறாள். எனக்கு அம்மா மட்டும்தான், அதுவும் பங்குக்கு. அம்மாவின் முதுகு தொடுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் தனியாகத்தான் கிடந்தேன்.

இதையெல்லாம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

ஒரு நாள் ஓனர் வெளியே போயிருந்தார். அம்மா கீழே பேக்கரிக்கு டீ குடிக்கப் போனாள். மேஜை மேல் ஃபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்ததால் எடுத்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே ஓர் அபார்ட்மென்டில் இருக்கும் ஒரு அம்மாள். நாலைந்து குடும்பமாகக் கோகர்ணா போக முன்தினம்தான் அம்மாவிடம் வெகுநேரம் திட்டம் பேசியவர்.

"நீதான் அந்தப் பாப்பாவா? போட்ல போய் டால்பின் பாத்தியாமே! எங்க பாப்பா பயப்படறா. பயமே இல்லன்னு நீ கொஞ்சம் சொல்லு பாக்கலாம்" என்றார்.

"அது நான் இல்ல ஆன்ட்டி. நான் கடலே பாத்ததில்ல" என்றேன்.

அந்தப் பக்கம் ஃபோன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் ஓனர் வந்து அம்மாவை எதிரே உட்கார வைத்தார். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "ஏனம்மா இது? பிசினஸ்ல ஸ்வல்ப சுள்ளு இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா சுள்ளு சொல்ற இடத்துல நிஜம் சொல்ற குழந்தைய உக்கார வெச்சா எப்படி?" என்றார். பொய்யைத்தான் கன்னடத்தில் சுள்ளு என்பார்கள், அந்த வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது. அந்த அபார்ட்மென்ட் அம்மாள் அவருக்கே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டிருந்தார். உங்கள் ஆள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தானும் எங்களோடு வரட்டும், அவள் பெண் படகில் ஏறினால்தான் எங்கள் பிள்ளைகளும் ஏறுவார்கள், இல்லையென்றால் யாரும் வரவில்லை என்று. அந்தச் சீசனிலேயே பெரிய கூட்டம் அதுதான். இது போனால் அம்மாவின் வேலையும் போய்விடும் என்பதை ஓனர் பாதி கன்னடத்தில் சொன்னாலும் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா என்னைத் திட்டவில்லை. என் முகத்தையே பார்க்கவில்லை. தன் பொய்யைப் பிள்ளை பிடித்துவிட்டது என்ற கூச்சம் அவளுக்கு. ஒளித்து வைத்திருந்த பெண்ணை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்ற கலக்கம் எனக்கு. இரண்டு பேரும் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இந்த முறை நானும் ஏறினேன். வழியெல்லாம் வாந்தி. விடிந்தபோது பஸ் நின்றிருந்தது, காற்று உப்பாக இருந்தது. குன்றிலிருந்து படிகளில் இறங்கினால் கடல். படத்தில் இருந்ததைவிட அது பெரிதாக இருந்தது மட்டுமல்ல, ஓயாமல் சத்தமும் போட்டது. படங்கள் அதைச் சொல்லவில்லை. அம்மா கடைசிப் படியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வலித்தன.

நான் கடலை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. எனக்கு அவளைப் பார்க்க வேண்டியிருந்தது. கரையில் விளையாடிய என் உயரத்துப் பெண்களையெல்லாம் ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். ஒருத்தியும் அம்மாவைப் பார்த்து ஓடி வரவில்லை. படகுக்காரர்கூட அம்மாவை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார். அம்மா கூப்பிட்டுப் பேசிய பிறகு, ஃபோனில் தினமும் கேட்கிற குரல் என்பதால் தெரிந்தது என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். அத்தனை தடவை வந்தவளைத் தெரியாதது போல எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

படகு வந்து ஆடிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் எல்லோரும் தங்கள் அம்மாக்களின் பின்னால் ஒளிந்தார்கள். அந்த அபார்ட்மென்ட் அம்மாள் என்னையும் அம்மாவையும் பார்த்தபடி நின்றார். பெரியவர்கள் சிலர் கரையிலேயே தங்குவதாகச் சொன்னதால் அவர்களையும் மூட்டைகளையும் பார்த்துக்கொள்ள அம்மா இருந்தாக வேண்டும். அவள் மண்டியிட்டு எனக்கு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டினாள். கொக்கியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள்.

"ஒரு தடவ ஏறிடு கண்ணு. அம்மாவுக்காக" என்றாள் என் காதில்.

எனக்கு உயிரே போய்விடும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த இன்னொருத்தி ஏறுவாளே என்று நினைத்துக்கொண்டேன். முன்னால்தான் உட்காருவாளே. படகுக்காரர் தூக்கிவிட, நேராகப் போய் முன்னால் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் ஏறினார்கள். படகு அலையில் ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். தூரத்தில் கறுப்பாக எதுவோ துள்ளியது, எல்லோரும் டால்பின் டால்பின் என்று கத்தினார்கள். நானும் கை தட்டினேன். அவள் வராத நாளில் அவள் வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது மூட்டைகளின் பக்கத்தில் அம்மா இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில், செருப்பைக்கூடக் கழற்றாமல், தோளில் மாட்டிய பையோடு நின்றுகொண்டிருந்தாள். சுடிதார் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. மற்றவர்கள் சிரித்தபடி இறங்கினார்கள். அபார்ட்மென்ட் அம்மாள், "உங்க பொண்ணு நிஜமாவே தைரியசாலிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவு அழுகிறாள் என்றால் வர வேண்டியவள் வரவில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அழாதம்மா. அடுத்த தடவ அவளயே கூட்டிட்டு வா. நான் ஆன்ட்டி வீட்லயே இருந்துக்கறேன்."

"எவள?" என்றாள் அம்மா.

இப்போதும் மறைக்கிறாளே என்று மட்டும் இருந்தது. அன்றைக்குக் காலையில் அந்தக் கடைசிப் படியில்தான் அம்மாவும் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஃபோனில் ஊருக்கெல்லாம் தான் சொன்ன பேச்சை நம்பி, பார்த்த சற்று நேரத்திலேயே என்னை அதற்குள் அனுப்பிவிட்டு நின்றாள் என்பதும் தெரியாது. அம்மா என்னைப் படகிலிருந்து தூக்கி, மூச்சு முட்டும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதுவரை அவள் என்னை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. விட்டுக்கொடுத்ததற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.