சக்கரக்காரரின் பையில் இல்லாத சாமான்கள்

வேலை விஷயமாக ஊர் ஊராகப் போகிறவர்களில், உலகம் உருண்டையான நாளிலிருந்து சக்கரக்காரரைப் போலச் சின்னதாக மூட்டை கட்டியவர் ஒருவரும் கிடையாது. அவர் பையைத் தராசில் வைத்தால், 'எப்பய்யா வைக்கப்போற?' என்று தராசே கேட்கும். ரயிலில் ஏறினால், இவர் பயணியா, யாரையாவது வழியனுப்ப வந்தவரா என்று டிக்கெட் பரிசோதகர் முழிப்பார். ராக்கெட் விடுகிறவர்களுக்கு இவரைத் தெரிந்திருந்தால் பாதி எரிபொருள் மிச்சமாகியிருக்கும்.

இதெல்லாம் அவரே சொன்னது. கொஞ்சம் குறைத்துத்தான் இங்கே எழுதியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் அடியில் மாட்டுகிற சின்னச் சக்கரங்களை விற்பதுதான் அவர் வேலை. மாதத்தில் பாதி வெளியூர். ஆனால் தன் பைக்கு மட்டும் சக்கரம் வைக்கமாட்டார். "சக்கரம் வச்சா கண்டதையும் திணிக்கத் தோணும்" என்பார். சட்டையை மடிக்கமாட்டார், சுருட்டுவார். காலுறை ஷூவுக்குள் போய்விடும். மூன்று ஊர் போகவேண்டுமென்றால் நடு ஊரில் அறை எடுத்து அங்கிருந்தே போய்வருவார். முதல் நாள் சாயங்காலமே பையைக் கட்டிக் கதவோரம் நாற்காலியில் வைத்துவிடுவார்.

குழப்பம் கண்ணாடியில் ஆரம்பித்தது. ஒரு லாட்ஜில் முகமெல்லாம் நுரையைத் தடவிக்கொண்டு பைக்குள் கைவிட்டால், கைக்கண்ணாடியைக் காணோம். குளியலறையிலோ கண்ணாடி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பையைத் தலைகீழாக உதறினார். தன் கையால் வைத்தது கண்முன்னே நிற்கிறது, கண்ணாடி மட்டும் இல்லை. ஜன்னலில் மங்கலாகத் தெரிந்த ஆளுக்குச் சவரம் செய்துவிட்டுப் போனார்.

வீடு திரும்பியதும் மனைவி அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"என்னங்க, கண்ணாடியை மறந்துட்டீங்களா?"

மறந்துட்டீங்களா என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. "மறக்கிறதா? வேணும்னுதான் வைக்கலை. கண்ணாடி ஒரு சுமை."

"கிருதாவும் சுமைன்னு ஒரு பக்கம் எடுத்துட்டீங்களாக்கும்."

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குப் போனதாகப் பேர் பண்ணிவிட்டு, மீதி நேரத்தில் வீட்டைக் கலைக்கிறவள். அவள் தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள். "கஷ்டமா இருந்திருக்குமேப்பா. பாதியிலயே திரும்பி வந்துடலாம்னு தோணலையா?"

"எனக்கா? இன்னும் ரெண்டு நாள் சேர்த்தே இருந்திருப்பேன்!"

வாலுவின் முகம் காற்றுப்போன பந்து மாதிரி ஆனது. அது ஏன் என்றும் அவருக்குப் புரியவில்லை.

அடுத்த பயணத்தில் துண்டு போயிற்று. ஜன்னல் திரையில் தலை துவட்டிக்கொண்டார். அதற்கடுத்து மாற்றுச் சட்டை. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு வியாக்கியானம் கொடுத்தார். துண்டு பழைய காலம், மாற்றுச் சட்டை சோம்பேறிக்கு. ஆனால் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்தால் தன்னையே கேட்டுக்கொள்வார். வைத்தோமா, வைத்ததாக நினைத்தோமா? எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த அளவுச் சக்கரம் என்று மனசுக்குள் ஒப்பித்துப் பார்ப்பார். ஒன்றுகூடத் தப்பாது. சக்கரம் ஞாபகம் இருக்கிறது, சட்டை மறக்கிறதா? இது என்ன மூளை?

இந்தக் குழப்பத்தின் நடுவே அவர் பெருமை மேனேஜர் காதுவரை போய்விட்டது.

"புது ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருத்தர் வேணும். ஆபீஸ்லயே உட்கார்ற வேலை. வெள்ளிக்கிழமை உங்க பையை எல்லார் முன்னாடியும் திறந்து காட்டி ஒரு வகுப்பு எடுங்க. நல்லா வந்தா வேலை உங்களுக்குத்தான்."

"தினமும் வீட்லயே சாப்பாடா?" என்றாள் மனைவி. "எங்களுக்கு அது பழக்கமே இல்லையே." சொல்லிவிட்டுச் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டாள்.

வாலு மட்டும் சிரிக்கவில்லை. "எல்லார் முன்னாடியுமா திறப்பீங்க? உள்ள என்ன இருக்கும்?"

"சீப்பு, சவரக்கத்தி. அவ்வளவுதான்."

"சிரிக்கமாட்டாங்களாப்பா?"

"அசந்துபோவாங்க!"

வெள்ளிக்கிழமை காலை பை கொஞ்சம் கனத்தது. பதற்றம்தான் கையில் இறங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

புது ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மேனேஜர் கைகட்டி நிற்க, "காத்து மாதிரிப் போகணும், காத்து மாதிரி வரணும்" என்று சொல்லி ஜிப்பை இழுத்தார். துண்டு எட்டிப் பார்த்தது. அதை எடுத்தால் அடியில் கைக்கண்ணாடி. அதற்கும் அடியில் மாற்றுச் சட்டை. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்றான். பிறகு எல்லாருமே.

பொய் எப்போதும் தானாக வாயில் வந்து நிற்கும். இன்றைக்கு வரவில்லை.

"எனக்கே புரியலைங்க" என்றார் சக்கரக்காரர்.

வேறு வழி தெரியாமல் நடந்ததைச் சொன்னார். கிருதா, ஜன்னல் திரை, எல்லாம். கடைசியாகச் சட்டையைக் கையில் எடுத்தார். "இது இல்லாம, ராத்திரி துவைச்ச சட்டையை ஈரத்தோட போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி அதிகாரி முன்னாடி நின்னேன். நான் நடுங்கினதைப் பார்த்து, காய்ச்சல்னு நினைச்சு, பிடிச்சுக் கட்டில்ல படுக்க வச்சுட்டாரு. கட்டில் கீச்சுகீச்சுன்னு நகர்ந்துச்சு. படுத்தபடியே சக்கரம் வித்துட்டு வந்தேன். கண்ணாடியை விடுங்க, துண்டை விடுங்க, கேட்டா லாட்ஜ்ல தருவாங்க. மாத்துச் சட்டையை மட்டும் விட்டுடாதீங்கப்பா."

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா வேறேதுமா என்று சொல்ல முடியவில்லை. "திங்கட்கிழமையிலிருந்து இங்கயே உட்காருங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பையை மடியில் வைத்துத் திறந்து பார்த்தார். துண்டும் சட்டையும் நோட்டுப்புத்தகம் போல நான்கு மூலையும் ஒட்ட மடிந்திருந்தன. அவர் சுருட்டுகிறவர். மனைவி மடித்தால் ஒரு மூலை தொங்கும். இப்படி மடிக்கிற கை வீட்டில் ஒன்றுதான் உண்டு. பாதியில் திரும்பி வரத் தோணலையா என்று வாலு கேட்டது இப்போதுதான் உறைத்தது. பிறகு சீப்பை மட்டும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சேதி கேட்டு மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். வாலு நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். சக்கரக்காரர் பையைக் கவிழ்த்துப் போட்டு, ஒன்றும் புரியாத முழியோடு உட்கார்ந்தார்.

"கண்ணாடி வந்துடுச்சு, துண்டு வந்துடுச்சு. தானா போச்சு, தானா வந்துச்சு. சீப்பை மட்டும் காணோமே."

"மறந்திருப்பீங்க" என்றாள் மனைவி.

"அப்படித்தான் இருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மண்டையில ஏதோ கோளாறு. டாக்டர்கிட்ட காட்டணும்."

வாலு நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா! உங்களுக்கு மறதியே கிடையாது! நல்லாத் தேடிப் பாருங்க, சீப்பை மட்டும் நான் எடுக்கவே இல்ல!"

கரண்டி அந்தரத்தில் நின்றது.

சக்கரக்காரர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். கைக்கண்ணாடியை மகள் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் நேராப் பிடி" என்றார்.