வேலப்பன்சாவடியில் எங்கள் கடல்

காலை ஐந்தரை மணிக்குப் பழவேற்காட்டில் பஸ் ஏறினோம். கடலைப் பார்ப்பதற்காகக் கடற்கரையை விட்டு மேற்கே போகிறோம் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது. வேலப்பன்சாவடியில் ஒரு பொறியியல் கல்லூரி எங்கள் கரையைச் சின்னதாகச் செய்து தொட்டிக்குள் வைத்திருக்கிறதாம், அலைகூட அடிக்குமாம்!

போன மழையில் எங்கள் குப்பத்தில் முன்வரிசை வீடுகளைக் கடல் வாரிக்கொண்டு போனது. இப்போது கடலுக்கு முதல் வீடு ஊர்த்தலைவர் தேசப்பன் அண்ணனுடையது. கடலுக்குள் நீளும் கல்சுவர் கட்டித்தரச் சொல்லி அரசிடம் கேட்டிருக்கிறோம். கல்லூரி சோதித்துப் பார்த்து ஆமாம் என்றால்தான் மேலிடத்தில் பேச்சு எடுபடும். அதற்காகத்தான் அவரும் மகளிர் குழுத் தலைவியான நானும் கிளம்பினோம்.

பொன்னேரி, செங்குன்றம், ஆவடி என்று பஸ் மாறினோம். எனக்கு இலவசம், அண்ணனுக்கு டிக்கெட். ஒவ்வொரு கண்டக்டரையும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் காசு கொடுத்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் ஜன்னல் கம்பிகள் உப்புக்காற்று படாமல், துருவே இல்லாமல் நின்றதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். குமணன்சாவடி நெரிசலில் வண்டி நின்றது. நாங்கள் போகும் காரியத்தைக் கேட்ட டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, கடலாண்டயே இருந்துகினு கடலப் பாக்க இங்க வர்றீங்களா? இங்க லாரிதான் கீது!"

பதினொரு மணிக்குக் கல்லூரி. வரவேற்றவர் பேராசிரியை கீர்த்தனா, ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். எங்கள் கரையில் வெயிலில் நின்று அளவெடுத்த பெண் என்பதால் ஊருக்கே பழக்கம். கொட்டகைக்குள் கல்யாண மண்டபம் அளவுக்குத் தொட்டி. அதில் எங்கள் மணல், எங்கள் வளைவு, வீடுகளுக்குப் பதில் தீப்பெட்டிகள்! தேசப்பன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, கடலில் இறங்கும் முன் செய்வதுபோலவே தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு விரலை நக்கிப் பார்த்தார்.

"உப்பே இல்லம்மா!"

கீர்த்தனா சிரித்தபடி எங்கள் தீப்பெட்டிகளுக்கு வடக்கே, நாங்கள் கேட்ட கல்சுவராக ஒரு கல்லடுக்கை வைத்து சுவிட்சைப் போட்டார். அலை வந்தது. சாய்வாக, எங்கள் கடல் அடிப்பது போலவே அடித்தது! ஒரு மணி நேரத்தில் எங்கள் பக்கம் மணல் ஏறியது. நான் கைதட்டிவிட்டேன்.

"அக்கா, வடக்கேயும் பாருங்க" என்றார் கீர்த்தனா.

கல்லுக்கு அந்தப் பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. தீப்பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அது வடக்குக் குப்பம், நான் பிறந்த ஊர். என் கூடப்பிறந்த அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். தட்டிய கை அப்படியே நின்றது.

"அவங்களுக்குப் போற மணல இந்தக் கல்லு பிடிச்சுக்குது. இதக் காட்டத்தான் வரச் சொன்னேன்" என்றார்.

தேசப்பன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அடுத்த மழைக்கு என் ஊடு போயிடும். நான் இன்னா பண்றது?"

எனக்குப் பழவேற்காட்டு ஏரி நினைவுக்கு வந்தது. அங்கே இறால் பிடிக்க எங்களுக்குள் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்று ஒரு குப்பத்தின் முறை என்றால் மற்றக் குப்பம் வலையை நனைக்காது.

"முகத்துவாரத்துல தூர் வார்ற மண்ண வீணாத்தானே கொட்றாங்க? அத பாடு வெச்சு, ஒரு வருசம் நமக்கு, ஒரு வருசம் அவங்களுக்குக் கொட்டுனா இன்னா?" என்றேன்.

கீர்த்தனா துள்ளிவிட்டார். கல்லை எடுத்துவிட்டுக் கரையைத் திருத்தி, சரிந்தவற்றுக்குப் பதில் புதுத் தீப்பெட்டிகள் வைத்து, அலையை ஓடவிட்டார். ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று மாறி மாறி மணல் கொட்டினோம். எனக்குச் சேலை முழங்கால் வரை நனைந்தது. இரண்டு பக்கமும் கரை கொஞ்சம் கரைந்தது, ஆனால் ஒரு தீப்பெட்டிகூட விழவில்லை! இதையே முழுதாகச் சோதித்து எழுதித் தருகிறேன், இரண்டு ஊரும் சேர்ந்து கேளுங்கள் என்றார் கீர்த்தனா. தேசப்பன் அண்ணன் மட்டும் முன்பு சரிந்த தீப்பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தார்.

மாலை நாலு மணிக்கு விடைபெற்றோம். கீர்த்தனா சுவிட்சை அணைத்ததும் கடல் அடங்கிவிட்டது. எங்கள் ஊரில் அப்படி அணைக்க முடியாது.

திரும்பும் பஸ்ஸில் செங்குன்றம் தாண்டியதும் அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஈரத் தீப்பெட்டி ஒன்றை எடுத்தார். வடக்கே சரிந்ததில் ஒன்று.

"நேரா உங்கண்ணன் ஊட்டுக்குப் போலாம்" என்றார். "மொத பாடு அவங்களுதுன்னு நானே சொல்றேன்."