வனிதா அக்கா வரையாத அத்தியாயம்

செய்தி எங்கள் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "கெலமங்கலம் கோயில் ஸ்டாப்பில் ஏறும் குவாலிட்டி வனிதா இன்று காலை இறந்துவிட்டார். அங்கே வேறு யாரும் ஏறுவதில்லை. அதனால் நாளையிலிருந்து பஸ் அந்த ஸ்டாப்பில் நிற்காது." டிரைவர் அண்ணன் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவருக்கு அது அன்றைய வேலை. பல வருடம் அந்த இடத்தில் நின்று பஸ் ஏறிய பெண்ணுக்கு எழுதப்பட்ட முதல் இரங்கல் குறிப்பு அதுதான்.

அக்காவை அறிந்தவர்கள் இரண்டு வகை. ஓசூரில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவர் பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்பும் வனிதா. போனில் படக்கதை படிப்பவர்களுக்கு அவர் 'பி ஷிப்ட்' என்ற தொடரை வரைகிறவர்; பெயர் தெரியாதவர். இருவரும் ஒருவரே என்பது அவர் இருக்கும்வரை எனக்கு மட்டும் தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் போனில் விரலால் வரைவதைப் பார்த்துவிட்டேன். அவர் மறைக்கவில்லை. "நீதான் யார்கிட்டயும் பேச மாட்டியே, உனக்குத் தெரிஞ்சா என்ன," என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதது எனக்கு எப்போதும் குறைதான். அக்கா ஒருவர்தான் அதை ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு வசனங்களைத் தட்டச்சு செய்து தொடரின் பக்கத்தில் ஏற்றுவதும், வாசகர்களின் பின்னூட்டங்களைப் படித்துச் சொல்வதும் என் வேலையாயின.

தொடரின் நாயகி கௌரி, எங்களைப் போல ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆரம்பத்தில், தன்மேல் கை வைத்த சூப்பர்வைசரை லைனில் எல்லோர் முன்னாலும் அறைகிறாள். அந்த ஒரு படம் எத்தனையோ பெண்களின் போனில் முகப்புப் படமானது. அக்காவுக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. "அறைஞ்சது எல்லாருக்கும் புடிச்சிருக்குது. அறைஞ்சவ அடுத்த மாசம் என்னத்தத் தின்னான்னு ஒருத்தரும் கேக்கல," என்றார்.

அதைத்தான் அவர் அடுத்து வரைந்தார். கௌரி பயப்படத் தொடங்கினாள். நிரந்தர வேலை கிடைத்தது, லைன் லீடர் ஆனாள். ஒருநாள், கூடவே தங்கியிருந்த தோழி சிவகாமியை வேலையிலிருந்து நீக்கும் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரம் பஸ்ஸில் வேறு பேச்சில்லை. ராயக்கோட்டையில் ஏறும் ஒருத்தி போனை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதை அவளும் படிப்பாள்.

"பாருடி, கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவள மாட்டி வுட்டுட்டா. இத எழுதறவன் கண்டிப்பா ஆம்பளதான். பொம்பளைக்கு இப்பிடி மனசு வருமா?"

"எச்.ஆர். ஆளா இருப்பான்," என்றது பின்சீட்டு. பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவ வேற என்ன பண்ணியிருக்கணுங்கற?"

"கையெழுத்துப் போட மாட்டேன், உங்க வேலையே வேணாம்னு வந்திருக்கணும்க்கா. கௌரின்னா அதான்."

"போன மாசம் நம்ம லைன்ல அந்த ஒடிசாப் பொண்ண வேலைய வுட்டு அனுப்புனாங்களே. நீ வேல வேணாம்னு வந்தியா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாக்கா? அது வேல. இது கதை."

இறங்கும்போது அக்கா என்னிடம், "பாவம், நாலு பேருக்கு முன்னாடி அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது," என்றார். அன்று மாலையே அந்தப் பெண் தொடரின் கீழே எழுதியதை நான்தான் படித்தேன். 'இதை வரையும் கை அழுகட்டும்.' அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

வாசகர் ஒருவர் 'உண்மையான கௌரி' என்று மாற்று அத்தியாயமே வரைந்தார். அதில் கௌரி தாளைக் கிழித்து மேனேஜர் முகத்தில் எறிகிறாள். அக்கா வரைந்ததைவிட அதையே அதிகம் பேர் பகிர்ந்தார்கள். அக்கா நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். ஆனா மொகத்துல பயமே இல்ல பாரு. பயமே இல்லாதவ கிழிச்சா அதுல என்ன இருக்குது?"

அவர் கடைசியாக வரைந்த அத்தியாயத்தில் கௌரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவகாமியின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள். உள்ளே டிவி சத்தம் நிற்கிறது. கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான். அடுத்து என்ன என்று கேட்டேன்.

"தெரியலம்மா. நான் செவகாமியா இருந்தா தெறப்பனான்னு யோசிக்கறேன். இன்னும் தெறக்க மனசு வரல."

அந்த யோசனையில் இருக்கும்போதே காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கிவிட்டது. திட்டியவர்கள் அவரைக் கொன்றார்கள் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல்தான் கொன்றது. ஆனால் அவர் கடைசியாகப் படித்த பின்னூட்டம், 'கதையை இழுக்காதே, உனக்கு எழுத வராது' என்பது.

அவருடைய தம்பி, நான் சொல்லித் தெரிந்துகொண்டு, வரைந்தது யார் என்று தொடரின் கீழே பின்னூட்டமாக அறிவித்தார். திட்டிய இடத்திலெல்லாம் பூக்கள் குவிந்தன. 'கை அழுகட்டும்' என்று எழுதியவள், 'கௌரியைத் தந்த கைகளுக்கு முத்தங்கள்' என்று எழுதினாள். பழையதை அழிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

பிறகு, அந்த 'உண்மையான கௌரி'க்காரர் கதையை முடித்துத் தருவதாகச் சொன்னார். தம்பி சம்மதித்துவிட்டு என்னிடம் பாஸ்வேர்ட் கேட்டார்.

"வேணாங்கண்ணா," என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

"பாதியில நின்னா அக்காவுக்குத்தானம்மா கேவலம்? எல்லாரும் ஆசையாக் கேக்கறாங்க. முடிக்க வேணாம்னு அவ சொன்னாளா?"

"இல்லைங்க. முடிவு பண்ணலன்னு சொன்னாங்க."

"அப்ப நாம பண்ணிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். ரத்த உறவு அவர். நான் பக்கத்து சீட். கொடுத்துவிட்டேன்.

புதிய அத்தியாயம் வந்தது. சிவகாமி கதவைத் திறக்கிறாள், கட்டிக்கொண்டு அழுகிறாள். கௌரி வேலையை விடுகிறாள். இருவரும் தையல் கடை வைக்கிறார்கள். கீழே மாலை போட்ட புகைப்படம், அதன்கீழ் 'கதை, ஓவியம்: வனிதா'. தான் வரைந்த எதிலும் பெயர் போடாதவரின் பெயர், அவர் வரையாத ஒன்றில்தான் முதலில் இடம்பெற்றது.

மறுநாள் பஸ்ஸில் ராயக்கோட்டைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினாள். "போறப்ப நம்ம ஆசைய நெறவேத்திட்டுத்தான் போயிருக்காங்க."

"இது அவங்க வரைஞ்சது இல்ல," என்றேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அப்ப அவங்க எப்பிடி முடிச்சிருப்பாங்களாம்?"

"தெரியாது."

"அதுவே தெரியாது, பேச வந்துட்டா," என்றாள். சிலர் சிரித்தார்கள்.

தெரியாதுதான். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் 'தெரியல' ஒன்றைத்தான். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். கௌரி இன்னும் வாசலில் நிற்கிறாள். சிவகாமி உள்ளே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் திறந்தது வேறு ஏதோ ஒரு வீட்டின் கதவு.