லூர்தம்மாள் கடைத் தராசு

இன்னாசிமுத்து திண்டுக்கல் சந்தைக்குள் கால் வைத்தால் போதும், முட்டைக்கோசு விற்பவர் முதல் மொச்சைக்கொட்டை விற்பவர் வரை எல்லார் கையும் ஒரு நொடி நின்றுபோகும். ஆள் ஒன்றும் பயில்வான் இல்லை. ஒடிசலான உடம்பு, தோளில் துவைத்துத் துவைத்து வெளுத்த பை, கையில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் அரசாங்கத்தின் பித்தளை எடைக்கற்கள். கடைக்காரர்களின் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து வருடாவருடம் முத்திரை குத்துவதும், இடையில் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கே வந்து சோதிப்பதும் அவர் வேலை. காகிதத்தில் முத்திரை ஆய்வர். சந்தையில் முத்திரை சார்.

மனிதருக்கு இந்த வேலை மேல் அப்படி ஒரு காதல். ஆயக்குடிப் பக்கம் போனால் கொய்யாக்காரர்கள், "ஏனுங்க சார், ரெண்டு பழம் எடுத்துக்கங்க" என்று கூடையையே நீட்டுவார்கள். "பழம் இருக்கட்டும், தராசைக் காட்டுங்க" என்பார். செம்பட்டியில் ஒரு தக்காளி மண்டிக்காரர் விவசாயியிடம் வாங்க ஒரு கல்லும் வெளியே விற்க ஒரு கல்லுமாக வைத்திருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்த அன்று, சொந்தக் காசில் பிரியாணி தின்று கொண்டாடினார். உழவர் சந்தை தொடங்கிய புதிதில் விடியற்காலையிலேயே போய் நின்றுகொண்டு, தராசு பிடிக்கத் தெரியாமல் தடுமாறிய விவசாயிகளுக்குக் கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தார்.

பாவம், அவர் மனைவி ஜெயமேரி. அவள் கூடையோடு வந்தாலே கடைக்காரர்கள் பயந்துபோய்க் கத்தரிக்காயை அள்ளி அள்ளிப் போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் இவர் அதை மறுபடி நிறுத்துப் பார்த்து, கூடுதலாக இருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்பார். "இந்த மனுசனைக் கட்டிக்கிட்டு நிம்மதியா ஒரு வெஞ்சனம் வாங்க முடியுதா?" என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாள் இல்லை.

இப்படிப்பட்டவர் ஊரில் ஒரே ஒரு கடைக்குள் மட்டும் நுழைந்ததில்லை. அது கோயில் தெருவில் அவருடைய அக்கா லூர்தம்மாள் வைத்திருந்த பூக்கடை. அக்காவைப் பிடிக்காமல் இல்லை. உலகத்தில் அவர் யாருக்காவது அடங்கினார் என்றால் அது அவளுக்குத்தான். அக்கா கடை என்று சலுகை காட்டினான் என ஒரு வாய்கூடச் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்தத் தெருவையே இன்னொரு ஆய்வரிடம் கொடுத்துவிட்டார். அந்த ஆய்வரோ, சார் அக்கா கடை என்று மரியாதையாகத் தாண்டிப் போய்விடுவார். வருடத்துக்கு ஒருமுறை லூர்தம்மாளே தராசை அலுவலகத்துக்குக் கொண்டுவருவாள். எடை கச்சிதமாக இருக்கும். முத்திரை விழும்.

எலக்ட்ரானிக் தராசுகள் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த நேரம். கறிக்கடை சேக் பரீது ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"சார், எங்கடையில எலும்புத் துண்டைக்கூட விடாமப் பாப்பீக. மக கல்யாணத்துக்கு உங்க அக்கா கடையில மல்லியப்பூ வாங்குனேன். கைத்தராசுல கால் காலாக் கிலோ நிறுத்து, ரெண்டு கிலோன்னு கொடுத்தாக. என் எலக்ட்ரானிக் தராசுல போட்டா நல்லாவே குறையுது. ஊருக்கு ஒரு சட்டம், அக்காவுக்கு ஒரு சட்டமா?"

இன்னாசிமுத்து இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தார். தராசு தப்பு என்றால் அக்கா திருடி ஆகிவிடுவாள். போய்ப் பார்க்காவிட்டால் இத்தனை வருடம் கட்டிக் காத்த தன் பெயர் போய்விடும். அந்தத் தெருவைப் பார்த்துவந்த ஆய்வர் மாற்றலாகிப் போயிருந்ததால் அவரே போக வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் கோயிலில் நவநாள் வழிபாடு. கடையில் நல்ல கூட்டம். தம்பியைக் கண்டதும் லூர்தம்மாளுக்கு முகமெல்லாம் பல்.

"ஏலே அப்பு, இன்னைக்குத்தான் அக்கா கடைக்கு வழி தெரிஞ்சுதா? செத்த நேரம் உக்காரு, காப்பி சொல்றேன்."

"தராசைக் கொடுக்கா."

அப்போதுதான் அவள் மரப்பெட்டியைப் பார்த்தாள். கைத்தராசை நீட்டினாள். ஒரு தட்டில் எப்போதும் எடைக்கல் கிடக்கும். அதை எடுத்துவிட்டுத் தூக்கிப் பிடித்தார். பூப் போடும் தட்டு தாழ்ந்து நின்றது. தட்டைத் திருப்பினார். அடியில் அந்தோணியார் உருவம் பொறித்த கனமான பதக்கம், சுரூபம் என்பார்களே அது, செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்னக்கா இது?"

"உன் மச்சான் செத்தப்புறம் யாவாரம் படுத்துப்போச்சுல்ல, அப்பக் கட்டுனது. கோயில் சாமியார் மந்திரிச்சுக் கொடுத்தாரு."

"முத்திரை போடக் கொண்டாரப்ப இது இல்லையே?"

"ஆபீசுல கண்ட கையும் படும், சுத்தியல வச்சு அடிப்பீக. சாமியக் கழட்டி வீட்டுல வச்சுட்டுத்தான் கொண்டாருவேன். முத்திரை விழுந்ததும் மறுபடியும் கட்டிருவேன்."

"தட்டு தாழுதே, பாக்கலையா?"

"சாமி இருக்குற தட்டு தாழாம என்னடா செய்யும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னாசிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தத் தட்டுலதானக்கா பூவைப் போடுற. சாமியோட எடை அம்புட்டும் ஒவ்வொரு தடவையும் பூவுல குறையுது."

லூர்தம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பூக்கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப, சாமிய வச்சுக் களவாண்டுக்கிட்டா இருந்தேன்?"

அவர் வழக்கு எழுதினார். விட்டுவிடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"எழுதுடா, எழுது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. ஊருல உள்ள தராசையெல்லாம் பாத்த. என் தராசை மட்டும் ஏன்டா பாக்கல? மொத வருசமே வந்திருந்தா அன்னைக்கே அவுத்திருப்பேனே."

தன் பெயருக்கு அழுக்குப் படாமல் பார்த்துக்கொண்டதில் அக்காவின் பெயரைத் தெருவில் விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கைப்பற்றிய தராசைப் பையில் போட்டுக்கொண்டு தலைகுனிந்து நடந்தார்.

லூர்தம்மாள் அபராதம் கட்டி, தராசையும் சுரூபத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். சேக் பரீது வீட்டுக்கு ஒரு கூடை மல்லிகையைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். அவர் பதறிப்போய், பாதி ஆட்டுக் கறியைக் கட்டிக் கொடுத்தனுப்பினார். இன்னாசிமுத்து மட்டும் கோயில் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பூசைக்குக்கூட வேறு வழியாகச் சுற்றிப் போனார். "கூடப் பொறந்தவகிட்ட இம்புட்டு வெட்கம் என்ன வேண்டிக் கெடக்கு?" என்று ஜெயமேரி திட்டியும் பார்த்தாள், பலனில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே வீட்டுக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கறுப்புக் கயிற்றில் கோத்த அந்தச் சுரூபத்தை எடுத்தாள்.

"குனிடா."

குனிந்தார். கழுத்தில் கட்டிவிட்டாள்.

"இவரு ஒங்கிட்டயே இருக்கட்டும். தராசுக்கு இவரு வேண்டாம். நீ வந்தாப் போதும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, யாரும் புகார் கொடுக்காமலே, இன்னாசிமுத்து மரப்பெட்டியோடு அக்கா கடையில் போய் நின்றார்.