பியானோ எந்த ஸ்டேஷன் லிமிட்டு?

பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பயத்தில் நடுங்கியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியில் பஸ் இல்லை, கடை இல்லை, எங்கள் தெருவில் கரண்ட்டும் இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். பால் வாங்கப் போன பக்கத்து வீட்டு அண்ணனைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பியும் வரவில்லை. அப்படிப்பட்ட வாரம் பார்த்துத்தான் என் மாமாவுக்கு டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டது.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். கல்வராயன் மலையில் பள்ளிக்கூடம் நடத்திய ஓர் அமெரிக்கப் பாதிரியார் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய எலக்ட்ரிக் பியானோவை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் முதுகில் நூற்றுப்பத்து வோல்ட் என்று போட்டிருந்தது. நம் ஊர்க் கரண்ட் அதைப்போல் இரண்டு பங்குக்கும் மேல். பிளக்கை அப்படியே செருகினால் பியானோ அன்றோடு காலி. அதனால் மாமா அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, நம் கரண்ட்டுக்குத் தோதாகச் செப்புக் கம்பியை மாற்றிச் சுற்றித் தரும்படி சின்னசேலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்திருந்தார். வாங்கி வர வேண்டிய நேரத்தில் மறியல் வந்துவிட்டது. வடக்கனந்தலில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார் மாமா. அதுதான் அவருடைய முதல் கச்சேரி.

"கல்யாணமே நடக்குமோ நடக்காதோ, உனுக்கு இன்னாடா அவசரம்?" என்று அம்மா கத்தினாள்.

"நடந்து, நான் போவலன்னா? அப்பறம் எவன்க்கா என்ன கூப்புடுவான்?"

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து பட்டுப்பாவாடையை எடுத்தாள். தலை வாரிக் கனகாம்பரம் வைத்தாள், பெரிய பொட்டாக இட்டாள். "பாப்பாவ முன்னால உக்கார வெச்சிக்கினு போ. எல்லாருக்கும் தெரியறாப்புல," என்றாள். பண்டிகையும் இல்லை, பிறந்தநாளும் இல்லை, எனக்கு இவ்வளவு மரியாதையா! சைக்கிள் பாரில் துண்டை மடித்துப்போட்டு ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

போகும்போது பயமே இல்லை. சாலையில் புளியமரம் விழுந்து கிடந்த இடத்தில் கோடாலியோடு நின்றவர்கள் என்னைப் பார்த்ததும், "கொழந்தய வெச்சிக்கினு போறாரு, உட்றா," என்று சைக்கிளைக்கூட மரத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள்.

திரும்பும்போது அவர்கள் இல்லை. அதே மரத்தடியில் போலீஸ் வேன் நின்றது. ஹேண்டில்பாரில் தொங்கிய மஞ்சள் பையைத் தொட்டுப் பார்த்தார் ஒரு போலீஸ்காரர். உள்ளே தேங்காய் அளவுக்கு இரும்பு, நாலாபக்கமும் ஒயர்.

"இன்னாடா இது?"

"டிரான்ஸ்பார்மருங்க சார்."

மாமா பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் என்றால் தெருமுனையில் இரண்டு கம்பத்துக்கு நடுவில் உறுமிக்கொண்டிருக்குமே, அது ஒன்றுதான். அதில் ஒன்றை முந்தின நாள்தான் யாரோ உடைத்துப் போட்டிருந்தார்கள்.

"எங்கடா கழட்டின?"

"பியானோலங்க சார்."

"பியானோவா? அது எந்த ஸ்டேஷன் லிமிட்டு?"

இன்று யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். அன்றைக்கு மாமா விளக்கம் சொல்ல வாயைத் திறந்ததும் இடது கன்னத்தில், காதையும் சேர்த்து, ஓர் அறை விழுந்தது. சைக்கிளோடு நானும் சாய்ந்தேன். வேனின் பின்கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருட்டு. பால் வாங்கப் போன அண்ணன் ஞாபகம் வந்தது. மாமாவை அதற்குள் போட்டுவிட்டால் எனக்கு வீட்டுக்கு வழி தெரியாதே என்று நினைத்தேன். ஐயோ, என்னையும் போட்டுவிடுவார்களோ என்று நினைத்ததும் பட்டுப்பாவாடை நனைந்துவிட்டது.

நரைத்த மீசை வைத்த இன்னொரு போலீஸ்காரர் என் முன்னால் குனிந்தார். "அழுவாத பாப்பா. இது இன்னாது, நீ சொல்லு."

"கரண்ட்டு ஆர்மோனியத்துக்குங்க... கரண்ட்டு ஜாஸ்தியா வருதுங்க... அத்த கம்மி பண்றதுங்க..." வீட்டில் மாமா அம்மாவுக்கு விளக்கியதைத்தான் தேம்பித் தேம்பி ஒப்பித்தேன்.

"ஆர்மோனியப் பொட்டி சாமானா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று மாமாவிடம் எரிந்து விழுந்தார். "புள்ளைய இட்டுக்கினு வூடு போய்ச் சேரு."

வாசலில் நின்ற அம்மா என்னை வலிக்கிற மாதிரி இறுக்கிக்கொண்டாள். "அடிச்சாங்களா?" என்று மாமாவைக் கேட்டாள். "சேச்சே, இல்லக்கா," என்றார் மாமா. நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. சில நாளில் கரண்ட் வந்தது. மாமா டிரான்ஸ்பார்மரைப் பொருத்திப் பிளக்கைச் செருகினார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கவில்லை, புகையவில்லை. மாமா ஒரு கட்டையை அழுத்தினார், மணி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அம்மா "ஐ!" என்றாள். மாமாவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"ஙொய்யினு ஒரு எரச்சல் வருதேக்கா. காயில சரியா சுத்தலியோ?"

நான் பியானோவின் மேல் காதை வைத்துப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே மாமா." அம்மாவுக்கும் கேட்கவில்லை.

மாமா பிளக்கைப் பிடுங்கினார். தலையைச் சாய்த்து இடது காதைப் பொத்திப் பார்த்தார்.

"இன்னமும் கேக்குது," என்றார்.

அம்மா அவருடைய இடது கன்னத்தையே பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் இருவரும் சேலத்துக் காது டாக்டரிடம் கிளம்பினார்கள். நான் ஓடிப்போய்த் துவைத்து மடித்த பட்டுப்பாவாடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்.

"இப்ப நீ எதுக்குடி?" என்றாள் அம்மா. "அதான் ரோட்ட தெறந்துட்டாங்களே."

பாவாடையை நனைத்துவிட்ட கோபத்தில்தான் அம்மா என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்று, பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அழுதேன்.