கிளெபாங் கடலில் ஒரு முழுக்கு

பஸ் டிக்கெட்டைக் கையில் வாங்கினால் நல்லையா உடனே பார்க்க மாட்டார். முதலில் கட்டைவிரல் நகத்தால், கண்டக்டர் குத்திய ஓட்டையின் விளிம்பைத் தடவுவார். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். அப்புறம் பின்பக்கம். கடைசியில்தான் டிக்கெட் கொடுத்தவரின் முகம். மலாக்கா டவுன் பஸ்களில் பதினாறு வருஷமாகப் பரிசோதகர். காஜா பேராங்கிலுள்ள வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைக்கும் இதே மரியாதைதான்.

1958இல் மகள் சந்திரமதி நீட்டிய சம்மதக் கடிதத்தையும் அப்படித்தான் பார்த்தார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த கையோடு ஊருக்கு ஊர் இளைஞர் மன்றங்கள் முளைத்தன. அவற்றை நடத்த ஆள் வேண்டுமென்று ஒரு கிறிஸ்துவக் கல்லூரி, பொழுதுபோக்கும் வெளிப்புறக் கல்வியும் என்று ஒரு படிப்பைத் தொடங்கியிருந்தது. பத்து நாள் முகாமுக்குப் போனால்தான் சான்றிதழ். அப்பா கையெழுத்துப் போட்டால்தான் முகாம்.

“கூடாரம் அடிக்கிறது, முடிச்சுப் போடுறது, நீச்சல்... இதுக்கா காலேஜு?”

“ஆமாப்பா. நாளைக்கு நாங்க புள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும்ல.”

“விளையாடுறதுக்கு எவனாச்சும் வாத்தியார் வெப்பானா? உள்ள என்னமோ இருக்கு.”

என்ன இருக்கிறதென்று டிரைவர் கருணாகரன் எடுத்துக் கொடுத்தான். “மொதல்ல பாட்டு, அப்புறம் கூடாரம், கடைசில தண்ணில ஒரு முக்கு. முடிஞ்சுதுலா அண்ணே! பேரும் மாறிடும்.”

அன்றிலிருந்து மாலையில் மகள் வீடு திரும்பியதும் நெற்றியில் விபூதி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லையென்றால், வியர்வையா, அழித்ததா என்று யோசித்தார். பாத்திரம் கழுவும்போது அவள் முனகிய மெட்டைக்கூட விடவில்லை.

“என்ன பாட்டு அது?”

“நடக்கும்போது பாடுறதுப்பா.”

“சாமி பேரு வருதா?”

“பாதை பேருதான் வருது,” என்றாள். மனைவி கமலவேணி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, நீச்சல் வகுப்புக்கென்று மகள் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கிளெபாங் கடற்கரைக்குப் போனார். சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்றார். தண்ணீருக்குள் பத்துப் பெண்கள், எல்லாரும் வெள்ளை உடையில். ஆசிரியை மிஸ் லிம் சந்திரமதியின் தலையில் கை வைத்தாள். உதடுகள் அசைந்தன. சந்திரமதி தலையோடு தண்ணீருக்குள் முழுகினாள்.

“ஏய்! விடு அவள!”

காலில் சப்பாத்தோடும் சீருடையோடும் கடலுக்குள் பாய்ந்தார். சேறு காலை வாரியது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. கை எதையும் பற்றவில்லை. அப்போது தாடைக்கு அடியில் ஒரு கை.

“மல்லாந்து படுங்கப்பா. அசையாதீங்க.” மகளின் முகம் அவர் முகத்தின் மட்டத்திலேயே மிதந்து வந்தது.

கரையில் இருமி முடித்ததும் கேட்டார்: “அவ என்ன முணுமுணுத்தா?”

“பத்து வரைக்கும் எண்ணுனாங்க. தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்து பழகணும்.”

“இன்னொரு தடவ எண்ணச் சொல்லு.”

மிஸ் லிம் எண்ணினாள். அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை கையெழுத்துப் போட்டார். அடியில் ‘நீச்சலுக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தார்.

“முழுக்கு உங்களுக்குத்தான் ஆச்சு போல அண்ணே!” என்றான் கருணாகரன்.

ஆழ்கடலிலிருந்து மகள் தன்னை இழுத்து வந்த கதையைச் சாகும்வரை பஸ்ஸில் சொன்னார் நல்லையா. அவர் போன பிறகுதான் சந்திரமதி வாய் திறந்தாள்: அன்று அவளுக்கு நீச்சலே தெரியாது, முதல் பாடமே அதுதான். தண்ணீர் இடுப்பளவு. முழங்காலை மடித்து நடந்தே வந்திருக்கிறாள்.